கண்ணாடிப் போத்தலுக்குள் ஒரு கல்யாணக் கார்ட்

போன வாரம் எங்கள் முன்பள்ளிப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு கல்யாணக் கார்ட் வந்தது.

அனுப்பியவர் தர்சினி டீச்சர். என் மகள் ஆரபியின் வகுப்பு டீச்சர். கிளிவெட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறித் திருகோணமலை நகரத்துக்கு வந்து போகிறவர். இளம் வயது. இன்னும் திருமணமாகாதவர் — இந்தக் கடைசி விபரத்தை நானாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் பிறகு நடந்ததெல்லாம் அதை வைத்துத்தான் நடந்தது.

'உங்கள் வருகையை அன்புடன் எதிர்பார்க்கிறோம்' என்று ஒரு வரி. கீழே ஒரு ஃபைல். யாருக்குக் கல்யாணம் என்று இல்லை. திகதி இல்லை. மண்டபம் இல்லை. எல்லாம் ஃபைலுக்குள்ளே இருக்கிறதாம்... திறந்து பார்க்க வேண்டுமாம்.

நீங்கள் திறந்திருப்பீர்களா?

யோசித்துப் பதில் சொல்லுங்கள். வங்கி என்று சொல்லிக்கொண்டு வரும் லிங்கை இப்போது யாரும் தொடுவதில்லை. பரிசு விழுந்திருக்கிறது என்றால் சிரித்துவிட்டு அழிக்கிறோம். ஆனால் கல்யாணக் கார்ட்? அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டால், எங்கள் பக்கத்தில் அது இரண்டு தலைமுறைக்குப் போதுமான கோபம். "கார்ட் அனுப்பினனாங்கள், ஒரு வாழ்த்துக்கூடச் சொல்லேல்லை" என்று செத்த வீட்டில் வைத்தும் சொல்லிக் காட்டுவார்கள். இதைச் செய்த பாவி யாரோ தெரியாது. ஆனால் எங்களை நன்றாகப் படித்திருக்கிறான். எங்கள் பேராசையை நம்பி அவன் வரவில்லை, மரியாதையை நம்பி வந்திருக்கிறான்.

நான் திறக்கவில்லை. அது பெரிய கெட்டித்தனம் இல்லை. ஃபைல் பெயரின் வால் சரியில்லை. படத்துக்கு இருக்கவேண்டிய வால் அல்ல அது — போனில் புதிதாக ஒரு ஆப்பை ஏற்றுகிற ஃபைலுக்கு இருக்கும் வால். கல்யாணக் கார்ட் எதற்காக ஆப்பாக வரவேண்டும்? நான் படித்தது கணினி. ஆரபி பிறக்கும்வரை பார்த்த வேலையும் மென்பொருள்களைச் சோதிக்கிற வேலைதான். பழக்கதோஷம்.

'யாரும் திறக்க வேண்டாம்' என்று குழுவில் எழுதினேன். எழுதியதும் மனம் கேட்கவில்லை. நிஜமாகவே டீச்சர் வீட்டுக் கல்யாணமாக இருந்தால்? அவர் மனம் நோகாதா? அழித்தேன். இல்லை, அழித்தது பிழை என்று மறுபடி எழுதினேன். இதற்குள் பாதிப் பேர் திறந்துவிட்டார்கள்.

அன்று பின்னேரம்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. டீச்சரின் வட்ஸ்அப் டீச்சரின் கையில் இல்லை. எங்கேயோ இருக்கிற ஒருவன் தன் போனில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, அவருடைய பெயரிலே, அவருடைய படத்தோடே, எல்லாக் குழுக்களுக்கும் அதே கார்டை அனுப்பிக்கொண்டிருந்தான்.

ஒருவருடைய வட்ஸ்அப்பை இன்னொரு போனில் திறக்க வேண்டுமென்றால், சொந்தக்காரரின் போனுக்கு எஸ்எம்எஸ்ஸில் வரும் இரகசிய இலக்கம் வேண்டும். இது இப்போது எல்லோருக்கும் தெரியும். பெற்றோர் சங்கத் தலைவர் ரவீந்திரன் சேருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் வந்தது வில்லங்கம்.

டீச்சர் இல்லாத புதுக் குழு ஒன்றைத் தொடங்கி, சேர் ஒரு குரல் பதிவு போட்டார்.

"அந்த நம்பர் டீச்சரின்ர போனுக்கு மட்டும்தான் வரும். அவ குடுக்காம மற்றவனுக்கு எப்பிடித் தெரியும்? ஆருக்கோ குடுத்திருக்கிறா. ஆருக்கெண்டு அவவைத்தான் கேக்கவேணும்."

ஆருக்கோ!

அந்த ஒரு சொல் போதாதா? அடுத்த நாள் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் கேற்றடியில் அந்த 'ஆருக்கோ' ஒரு முழு ஆளாகவே ஆகியிருந்தான். அவனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கிடைத்திருந்தது. மூதூர் பஸ்ஸில் டீச்சரோடு கூடவே வருகிறவன் என்றார் ஒரு தாய். இல்லை, அவன் கட்டாரில் என்றார் இன்னொருவர். "கல்யாணக் கார்டெண்டு சும்மாவே வந்தது?" என்று மூன்றாமவர் கண்ணைச் சுருக்கினார்.

டீச்சர் அன்று வேலைக்கு வரவில்லை. சனிக்கிழமை கூட்டம் என்று அறிவித்தல் வந்தது. அவரை வைத்திருப்பதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்கப் போகிறார்களாம்.

நான் கிளிவெட்டிக்குப் போன் எடுத்தேன். அவருடைய அம்மாவின் போனில்தான் கதைத்தார்.

"அக்கா, சத்தியமா எனக்கு ஒரு எஸ்எம்எஸ்ஸும் வரேல்லை. வந்தாத்தானே நான் ஒருத்தருக்குக் குடுக்கலாம்? கார்டைத் திறந்தது உண்மை. படிப்பிச்ச பிள்ளையின்ர வீட்டு நம்பரில இருந்து வந்தது, திறக்காம இருக்கேலாதுதானே? அவ்வளவுதான் அக்கா நான் செய்தது. இப்ப அண்ணா என்ர போனைப் பறிச்சு வச்சிருக்கிறார். சனிக்கிழமை நிப்பாட்டிச்சினமெண்டா நான் இனி ஒரு வேலைக்கும் போகத் தேவையில்லையாம்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் கணவர் துறைமுகத்தில் வேலை செய்கிறார். அவருடன் வேலை செய்யும் ஒருவரின் வட்ஸ்அப்பும் சில மாதங்களுக்கு முன் இப்படித்தான் பறிபோனது. அன்று என்ன நடந்தது தெரியுமா? "பாவம், வட்ஸ்அப்பை ஹக் பண்ணிக் களவெடுத்துப்போட்டாங்கள்" என்று தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்கள். ஆணின் போன் என்றால் கள்ளன் வந்து களவெடுக்கிறான். பெண்ணின் போன் என்றால் அவள் ஆருக்கோ கொடுக்கிறாள்.

எனக்கு டீச்சரில் நம்பிக்கை இருந்தது. ஆனால் நம்பிக்கையைக் கொண்டுபோய்க் கூட்டத்தில் மேசைமேல் வைக்க முடியுமா?

குசினியில் வைத்துக் கணவரிடம் சொன்னேன்.

"அந்த ஃபைலைத் திறந்து பாக்கப் போறன்."

"உமக்கென்ன விசரே? ஊருக்கெல்லாம் திறக்காதேங்கோ எண்டு கத்தினது நீர்தானே?"

"போத்தலுக்குள்ள வச்சுத் திறக்கப் போறன்."

அவருக்குச் சொன்ன விளக்கத்தையே உங்களுக்கும் சொல்கிறேன். மழை விட்டதும் எங்கள் ஒழுங்கைக்குச் சுகாதாரப் பரிசோதகர் வருவார், டெங்கு பார்க்க. பூச்சாடித் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார். "இந்தா தங்கச்சி, நெளியுது பாருங்கோ." புழு நெளியும். அது எப்படி மூச்சு விடுகிறது, எப்படிப் புரளுகிறது, எல்லாம் தெரியும். ஆனால் யாரையும் கடிக்காது. விர்ச்சுவல் மெஷின் என்பது அந்தப் போத்தல். உங்கள் கணினிக்குள்ளேயே மென்பொருளால் செய்த இன்னொரு கணினி. நான் செய்தது ஒரு போலிப் போன். உள்ளே இருக்கிற கிருமிக்கு அது உண்மையான போன் போலத்தான் தெரியும். வெளியே இருக்கிற எங்களுக்கு அது திரையில் ஒரு சின்னச் சதுரச் சட்டம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூடி இறுக்கமோ?"

சரியான கேள்வி. அந்தக் கேள்வியோடு நான் இரண்டு நாள் நித்திரை கொள்ளவில்லை.

ஆரபி மத்தியானம் தூங்குகிற நேரம்தான் எனக்குக் கிடைக்கிற நேரம். முதலில் லப்டொப்பின் வைஃபையை நிறுத்தினேன். பிறகு மெஷினின் இணைய இணைப்பை நிறுத்தினேன். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டு ரவுட்டரின் வயரையே கழற்றினேன். முன் அறையிலிருந்து, "மச் பாத்துக்கொண்டிருக்கிறன்!" என்று கணவரின் அலறல். பரவாயில்லை. ஒரு விக்கெட் போனால் போகட்டும்.

அடுத்ததாக செட்டிங்ஸைப் பார்த்துக்கொண்டு போனபோது கை அப்படியே நின்றுவிட்டது.

கணினிக்கும் உள்ளே இருக்கிற மெஷினுக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் திறந்து கிடந்தது. வேலை செய்த காலத்தில் வசதிக்காகத் திறந்து வைத்தது. அதற்குள் இப்போது என்ன இருக்கிறது? ஆரபியின் படங்கள். பிறந்தநாள் படம், முதல் பல் முளைத்த படம், சவர்க்கார நுரையோடு வாளிக்குள் நிற்கிற படம்... போத்தலை இறுக்கி மூடிவிட்டு, அடியில் ஓட்டையைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

லப்டொப்பை மூடினேன். குசினிக்குப் போய் அரிசி களைந்தேன். களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன். நான் யார் இதைச் செய்ய? பொலிஸ் இருக்கிறது. கொழும்பில் இதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. அந்தப் பிள்ளையின் படங்களை ஒரு கள்ளனுக்கு முன்னால் வைக்கப் பார்த்தேனே? ஒரு நல்ல தாய் இதைச் செய்வாளா?

பிறகு யோசித்தேன் — நான் செய்யாவிட்டால் சனிக்கிழமைக்குள் யார் செய்வார்? கொழும்பிலிருந்து ஒருவர் கிளிவெட்டி டீச்சருக்காக வரப்போகிறாரா? நாளைக்கு ஆரபி ஒரு போனோடு வேலைக்குப் போவாள். அவளுக்கும் ஒரு 'ஆருக்கோ' தயாராக இருப்பான். நல்ல தாய் அரிசியைத்தான் களைந்துகொண்டிருக்க வேண்டுமா?

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

படங்களை வேறொரு டிரைவில் ஏற்றி, டிரைவைக் கழற்றி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பொது ஃபோல்டரை நீக்கினேன். இங்கே கொப்பி செய்ததை அங்கே ஒட்டுகிற வசதியையும் நிறுத்தினேன். போலிப் போனில் இல்லாத ஆட்களின் பெயர்களைப் போட்டு நிரப்பினேன். வெளி உலகம் என்று கிருமியை நம்பவைக்க, உள்ளேயே ஒரு போலி வாசலையும் வைத்தேன். அது யாருக்கு எதை அனுப்பினாலும் அந்த வாசலில் விழும், பக்கத்துச் சட்டத்தில் எனக்குத் தெரியும், வீட்டைத் தாண்டாது. கடைசியாக, சுத்தமாக இருக்கும் அந்த நிலையை அப்படியே ஒரு ஸ்னப்ஷொட் எடுத்தேன். என்ன நாசம் நடந்தாலும் ஒரு பட்டனில் இந்த இடத்துக்குத் திரும்பி வரலாம். வாழ்க்கையில் இப்படி ஒரு பட்டன் இருந்தால்... சரி, அதை விடுங்கள்.

திறந்தேன்.

பொன் நிறக் கரை. இரண்டு குத்துவிளக்கு. 'அழைப்பிதழைக் காண அனுமதி தரவும்.' எஸ்எம்எஸ்ஸைப் பார்க்கலாமா? ஓம். தொடர்புகளைப் பார்க்கலாமா? ஓம். அறிவித்தல்களைப் பார்க்கலாமா? ஓம். கல்யாணக் கார்டுக்கு எதற்கு என் எஸ்எம்எஸ் என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்? மரியாதையாகக் கேட்டால் மறுத்துப் பழகாத ஆட்கள் நாங்கள். அதிலும் பெண்கள் — 'ஏலாது' என்ற சொல்லை எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

மூன்றாவது அனுமதிக்குப் பிறகு திரை ஒருமுறை மினுங்கியது. கார்ட் மறைந்தது. ஆப்பின் படமும் மறைந்தது. அவ்வளவுதான். மணமகனும் இல்லை, மணமகளும் இல்லை. காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இதற்காகவா ரவுட்டரைக் கழற்றினேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு எஸ்எம்எஸ்ஸும் வரவில்லை என்றாரே?

போலிப் போனுக்குப் போலி எஸ்எம்எஸ் அனுப்பலாம். அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. 'வணக்கம்' என்று எழுதி அனுப்பினேன். போன் அசையவில்லை. சத்தமில்லை. எஸ்எம்எஸ் பெட்டியில் ஒன்றும் இல்லை. பக்கத்துச் சட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

அங்கே விழுந்து கிடந்தது என்னுடைய 'வணக்கம்'.

எழும்பி நின்றுவிட்டேன்! போனுக்கு வந்த செய்தியை, போனின் சொந்தக்காரர் காணுமுன்னரே எடுத்து, ஒளித்து, வெளியே அனுப்பிவிடுகிறது இந்தக் கார்ட். இரகசிய இலக்கம் டீச்சரின் போனுக்கு வந்திருக்கிறது. டீச்சருக்கு வரவில்லை.

ஒருமுறை நடந்தால் அது விபத்தாகவும் இருக்கலாம் என்பது சோதனை வேலையின் பாலபாடம். ஸ்னப்ஷொட்டுக்குத் திரும்பினேன். கார்ட் இல்லாத போனுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன் — டிங் என்று வந்தது. கார்டை ஏற்றினேன் — வரவில்லை. திரும்பவும் சுத்தம், திரும்பவும் கார்ட். ஆரபி எழும்பும்வரை இதே வேலை.

(தயவுசெய்து, இதை வாசித்துவிட்டு யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். இதே வேலை செய்து பழகிய நானே ஃபோல்டரை மறந்தேன். கார்டைத் திறந்துவிட்டீர்கள் என்றால் முதலில் போனின் இணைப்பை நிறுத்துங்கள், தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் போனை முழுதாக அழித்துப் புதுப்பியுங்கள், வங்கி ஆப்களின் கடவுச்சொற்களை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். வெட்கப்படாமல் எல்லோருக்கும் சொல்லுங்கள்.)

சனிக்கிழமை முன்பள்ளி மண்டபத்தில், பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில், முழங்கால் நாடியில் முட்ட, பெரியவர்கள் எல்லோரும் இருந்தோம். தர்சினி டீச்சரும் அவருடைய அண்ணாவும் வாசலோடு நின்றார்கள். யாரும் உள்ளே வந்து இருக்கச் சொல்லவில்லை. நான் லப்டொப்பை எடுத்து மேசையில் வைத்தேன்.

"என்ன, வைரஸை இஞ்சயே கொண்டு வந்திட்டீங்களோ?" என்றார் ரவீந்திரன் சேர். முன்னால் இருந்த ஒரு தாய் தன் போனை அவசரமாகக் கைப்பைக்குள் போட்டார்.

"காத்துல பரவாது, பயப்படாம இரிங்க" என்றாள் பரீனா. ஆரபியின் வகுப்புத் தோழியின் தாய், என் சிநேகிதி. கொஞ்சம் சிரிப்பு எழுந்தது.

சேர் சிரிக்கவில்லை. "தங்கச்சி, நீங்க பிள்ளையின்ர அம்மா. பிள்ளையைப் பாருங்கோ. இதையெல்லாம் பொலிஸ் பாக்கும்."

"பொலிஸ் பாக்கமுன்னம் நீங்க தீர்ப்புச் சொல்லிப் போட்டியளே சேர்?"

இதை நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம். லப்டொப்பைத் திறந்தேன்.

"சேர், ஒரு நம்பர் தட்டுங்கோ. என்ன நம்பரும் தட்டலாம். எனக்குக் காட்டாதேங்கோ. நான் அங்கால திரும்பி நிக்கிறன். கார்டை ஏத்தி வச்சிருக்கிற இந்தப் போலிப் போனுக்கு அது எஸ்எம்எஸ்ஸாப் போகும். மற்றாக்கள் போன் திரையைப் பாருங்கோ."

மனமில்லாமல் எழும்பி வந்தார். திரைக்குக் கையால் மறைப்புக் கட்டிக்கொண்டு தட்டினார். நான் சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அனுப்பியாச்சு."

"போனில ஏதும் வந்ததோ?"

"ஒண்டும் வரேல்லை" என்றார்கள் பலர்.

திரும்பி வந்து பக்கத்துச் சட்டத்தைத் திறந்தேன். அங்கே கிடந்த இலக்கத்தைச் சத்தமாக வாசித்தேன்.

"நீங்க தட்டினது இதுதானே சேர்?"

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"...ஓம்."

"எனக்குக் காட்டினனீங்களோ?"

"இல்லை."

"அப்ப எனக்கு எப்பிடித் தெரியும்? ஆருக்கோ குடுத்திருக்கிறியள்."

பரீனா விழுந்து விழுந்து சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கலாமா வேண்டாமா என்று சேரின் முகத்தைப் பார்த்தார்கள். நான் விடவில்லை. "இஞ்ச ஆரார் கார்டைத் திறந்தனீங்கள்? கையைத் தூக்குங்கோ" என்றேன். ஒருவரும் தூக்கவில்லை. பரீனா தூக்கினாள். பிறகு ஒரு கை, இன்னொரு கை. பின் வரிசையில் மெதுவாக ஒரு வளையல் கை எழும்பியது. சேரின் மனைவி.

"நீரும் திறந்தனீரோ?" என்றார் சேர், அதிர்ந்துபோய்.

"ஆருக்குக் கலியாணமெண்டு பாரும் எண்டு நீங்கதானே சொன்னனீங்கள்?"

அதற்குப் பிறகு சபையைக் கட்டுப்படுத்த முடியவில்லை. இந்தச் சிரிப்புக்குள், வாசலில் நின்ற டீச்சரின் அண்ணா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் தங்கையிடம் நீட்டினார். டீச்சர் அதை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். "முதல்ல இதை அழிச்சுத் தாங்கோ அக்கா." அழித்துக் கொடுத்தேன்.

ஒருவழியாக இரைச்சல் அடங்கியது. ரவீந்திரன் சேர் தொண்டையைச் செருமினார். பெரிய மனம் பண்ணுகிற குரலில் சொன்னார்: "சரி, நடந்தது நடந்துபோச்சு. பிள்ளையள் பாவம். டீச்சர் திங்கக்கிழமை வரட்டும். நாங்கள் எல்லாரும் டீச்சரை மன்னிச்சிட்டம்."

தலைகள் ஆடின. நானும் ஆட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவ்வளவு களைப்பு. ஆனால் தர்சினி டீச்சரின் தலை ஆடவில்லை. பிள்ளைகளிடம் கேள்வி கேட்கிற அதே தெளிவான குரலில் கேட்டார்:

"மன்னிக்கிறதுக்கு நான் என்ன சேர் செய்தனான்?"

திங்கட்கிழமை அவர் வந்தார். வகுப்பு நடக்கிறது. சேரிடமிருந்து மட்டும் இன்னும் பதில் வரவில்லை — அவருடைய போனில் பிழை ஒன்றும் இல்லை, நானே சோதித்துக் கொடுத்தேன்.